மறுநாள் விழும் உடல்: நாட்பட்ட களைப்பு நோய் பற்றிய ஆய்வுகளும் மலையகமும்

ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட 'டிகோட் எம்.இ.' ஆய்வுக் குழு 2025 ஆகஸ்ட் மாதத்தில் தன் முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டது. நாட்பட்ட களைப்பு நோய்க்குறி (இதன் மற்றொரு பெயரின் சுருக்கமே எம்.இ.) உள்ள 15,579 பேரின் மரபணுத் தொகுதியை, அந்நோய் இல்லாத 259,909 பேரின் மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டதில், தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வேறுபாடுகள் எட்டு இடங்களில் தென்பட்டன. அவ்விடங்களில் உள்ள மரபணுக்களுள் பல, உடல் கிருமித் தொற்றை எதிர்கொள்ளும் முறையோடும் நரம்பு மண்டலத்தோடும் தொடர்புடையவை. சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு முன்பே வெளிவந்த அறிக்கை இது என்பதை மனத்தில் வைத்தே வாசிக்க வேண்டும். ஆயினும், அரை நூற்றாண்டுக்கு மேலாக மனப்பிரமை என்றும் சோம்பல் என்றும் ஒதுக்கப்பட்ட ஒரு நோயின் மீது நடத்தப்பட்ட மரபணுத் தேடல்களுள் மிகப் பெரியது இதுவே.

எடின்பரோவில் வெளியான இம்முடிவுக்கும் இலங்கை மலையகத்தின் ஹற்றனிலோ பண்டாரவளையிலோ ஒரு தோட்ட டிஸ்பென்சரியின் வாங்கில் முறை காத்திருக்கும் பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது நியாயமே. நேரடியான தொடர்பு இப்போதைக்கு எதுவுமில்லை. இரத்தத்தைச் சோதித்து இந்நோயைக் கண்டறியும் வழியும், அதைக் குணமாக்கும் மருந்தும் இன்னும் உருவாகவில்லை. ஆனால் நோயெதிர்ப்பு ஆய்வுகளும் மரபணு ஆய்வுகளும் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்திருக்கின்றன: தன் களைப்பு உண்மையானது என்று நிரூபிக்கும் பொறுப்பை அவை நோயாளியின் தலையிலிருந்து இறக்கியிருக்கின்றன. மலையகத்தைப் பொறுத்தவரை அந்த ஆய்வுகளின் முதற்பயன் அதுதான் என்பது என் கருத்து.

இந்த நோயைச் சாதாரணக் களைப்பிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, முன்பு செய்துவந்த வேலைகளைச் செய்யும் ஆற்றல் ஆறு மாதங்களுக்கு மேலாகக் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். தூங்கி எழுந்தாலும் உடல் தெளியாதிருக்க வேண்டும். நினைவும் சிந்தனையும் மந்தமாதல், எழுந்து நிற்கையில் தலைசுற்றி நெஞ்சு படபடத்தல் ஆகிய இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் முக்கியமானதாக அவ்வறிக்கை நிறுத்துவது, உழைப்புக்குப் பின் நோய் முற்றுவதை. சிறிது உழைத்தாலும், உழைத்த நேரத்தில் அல்லாமல் பல மணிநேரம் கழித்தோ மறுநாளோ உடல் முழுவதுமாக விழுந்துவிடுவதும், அது பல நாட்கள், சில வேளை பல வாரங்கள், நீடிப்பதுமே இதன் இயல்பு. நோயாளிகளில் குறைந்தது நால்வரில் ஒருவர் ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டோடு அல்லது படுக்கையோடு முடங்கிவிடுகின்றனர் என்றும், அமெரிக்காவிலேயே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நோய் கண்டறியப்படாமலே இருக்கின்றனர் என்றும் அதே அறிக்கை கூறுகிறது.

கொழுந்து பறிக்கும் ஒருவரின் நாளில் இந்த அடையாளத்தைப் பொருத்திப் பார்த்தால், அது எவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பது விளங்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, சரிவில் ஏறி நிரையில் நின்று, நிறுவைக்கு நிறுவை கொழுந்தைச் சுமந்துகொண்டு இறங்கி ஏறி, அன்றைய கிலோக் கணக்கைக் கொடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, விழும், குறைந்தால் அரைப்பேர். காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்பிய ஒரு பெண், திங்கட்கிழமை எப்படியோ கணக்கை முடித்துவிடுகிறார். செவ்வாய்க்கிழமை அவரால், தோட்ட வரிசை வீடான லயத்தில், தன் காம்பராவின் வாசற்படியைத் தாண்ட முடிவதில்லை. புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை மீண்டும் மலைக்குப் போகிறார். தோட்டத்தின் வருகைப் பதிவேடான செக்ரோலில் இது விட்டுவிட்டு வேலைக்கு வருபவரின் கணக்காகத் தெரியுமே தவிர, திங்கட்கிழமையின் உழைப்பே செவ்வாய்க்கிழமையின் நோய்க்குக் காரணம் என்று தெரியாது. "நேத்து நல்லாத்தானே கொழுந்து எடுத்த" என்று கங்காணி கேட்கும் கேள்விக்கு அவரிடமும் பதில் இருக்காது. அந்தக் கேள்விக்குள்தான் நோயின் இலக்கணமே இருக்கிறது.

மருத்துவ உலகம் இந்த இலக்கணத்தை ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் எடுத்தது. 1955ஆம் ஆண்டு லண்டன் ரோயல் ஃப்ரீ வைத்தியசாலையில் தாதியரும் வைத்தியருமாக ஏறத்தாழ 300 ஊழியர்கள் காய்ச்சல், தசைவலி, நீங்காத சோர்வு ஆகியவற்றோடு வீழ்ந்தனர். வைத்தியசாலையே சில மாதங்கள் மூடப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1970இல், இரு மனநல வைத்தியர்கள் அந்நோயாளர்கள் எவரையும் நேரில் பரிசோதிக்காமல், பழைய பதிவுகளை மட்டும் புரட்டிப் பார்த்து, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் ஒரு சான்றாகக் காட்டி, இது கூட்டு மனக்கிளர்ச்சியே என்று எழுதினர். அந்த முடிவின் நிழல் பல பத்தாண்டுகள் நீண்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 1988இல் 'நாட்பட்ட களைப்பு' என்ற பெயரைச் சூட்டியபோதும் நிழல் விலகவில்லை. பெயர் சாதுவாக ஒலித்ததால் நோயும் சாதுவானது என்ற எண்ணம்தான் பரவியது.

உடலுக்குள் காரணம் தேடிய ஆய்வுகளும் வழிநெடுகத் தடுக்கி விழுந்தே வந்திருக்கின்றன. அவற்றுள் இரண்டு வீழ்ச்சிகளைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இனிமேல் வரப்போகும் அறிவிப்புகளை எப்படி வாசிப்பது என்பதை அவை கற்றுத்தருகின்றன.

முதலாவது 2009ஆம் ஆண்டு. அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று, 101 நோயாளிகளில் 68 பேரின் இரத்தத்தில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸ் இருப்பதாக 'சயன்ஸ்' இதழில் அறிவித்தது. உலகெங்கும் நோயாளிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர், சிலர் எச்.ஐ.வி. மருந்துகளைக்கூட உட்கொள்ளத் தொடங்கினர். பிற ஆய்வுக்கூடங்கள் தேடியபோது அந்த வைரஸ் கிடைக்கவில்லை. பின்னர் தெரியவந்தது இதுதான்: புற்றுநோய் ஆய்வுக்காக மனிதக் கட்டியின் கலங்களை எலிகளின் உடலில் வளர்த்தபோது, எலியின் மரபணுவில் உறங்கிக் கிடந்த இரு வைரஸ் துண்டுகள் ஒன்றுசேர்ந்து ஆய்வுக்கூடத்திலேயே பிறந்த வைரஸ் அது, நோயாளிகளின் மாதிரிகளில் காணப்பட்டது அதன் கலப்படம். 2011 டிசம்பரில் அந்தக் கட்டுரை மீளப் பெறப்பட்டது.

இரண்டாவது வீழ்ச்சி இன்னும் நுட்பமானது. நோர்வேயின் பேர்கன் நகரப் புற்றுநோய் வைத்தியர்களான ஃப்ளூகே, மெல்லா ஆகியோர், புற்றுநோய்க்காக சிகிச்சை பெற்ற ஒருவரின் நாட்பட்ட களைப்பும் அதே சிகிச்சையில் குறைந்ததைக் கவனித்தனர். கிருமிகளை எதிர்க்கும் புரதங்களான பிறபொருளெதிரிகளை உருவாக்கும் பி கலங்களை அழிக்கும் ரிட்டக்சிமாப் என்ற மருந்தை 30 பேரிடம் சோதித்தபோது, மருந்து பெற்றவர்களில் பெரும்பகுதியினர் தேறினர். 2011இல் வெளியான அந்த முடிவு மிகுந்த நம்பிக்கையை விதைத்தது. அவர்களே 151 பேரைக் கொண்டு பெரிய சோதனையை நடத்தி 2019இல் முடிவை வெளியிட்டபோது, மருந்து பெற்றவர்களில் 26 சதவீதமும், வெறும் உப்புநீர் பெற்றவர்களில் 35 சதவீதமும் தேறியிருந்தனர். தங்கள் கருதுகோளையே தங்கள் கையால் வீழ்த்தி, அதை மறைக்காமல் அச்சிட்ட அந்த இருவரின் நேர்மைக்கு இந்தத் துறை கடன்பட்டிருக்கிறது.

அவர்கள் அத்தோடு நிற்கவும் இல்லை. ரிட்டக்சிமாப் இளம் பி கலங்களை அழிக்குமே தவிர, ஏற்கெனவே முதிர்ந்து எலும்பு மச்சைக்குள் குடியேறி ஆண்டுக்கணக்கில் பிறபொருளெதிரிகளைச் சுரந்துகொண்டிருக்கும் கலங்களைத் தொடாது. கொழுந்தை மட்டும் கிள்ளி, முற்றிய இலையைச் செடியிலேயே விட்டுவிடுவதைப் போன்றது அது. எனவே அந்த முதிர்ந்த கலங்களைத் தாக்கும் டராட்டுமுமாப் என்ற வேறொரு மருந்தைப் பத்துப் பெண்களிடம் சோதித்து, அவர்களில் ஆறு பேர் வெகுவாகத் தேறியதாக 2025இல் எழுதியிருக்கின்றனர். ஒப்பீட்டுக் குழு இல்லாத, மிகச் சிறிய சோதனை இது. உப்புநீருக்கே 35 சதவீதம் பேர் தேறிய வரலாற்றை அறிந்தவர், ஒப்பீட்டுச் சோதனையின் முடிவு வரும்வரை இதைக் கொண்டாட மாட்டார்.

நோயெதிர்ப்பு மண்டலத்தை ஆய்வாளர்கள் ஏன் இத்தனை பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருக்கின்றனர் என்ற கேள்விக்கு, காய்ச்சல் வந்து படுத்த எவரும் தம் அனுபவத்திலிருந்தே பாதிப் பதிலைச் சொல்லிவிடலாம். காய்ச்சலின்போது நம்மைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் கிருமியல்ல, நம் உடலே. கிருமியைக் கண்ட நோயெதிர்ப்புக் கலங்கள் சைட்டோகைன் எனப்படும் புரதங்களைச் சுரந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பசியும் உற்சாகமும் அடங்கி, உடல் வலித்து, ஓய்வைத் தேடும் நிலை உருவாகிறது. சக்தியைச் சண்டைக்காகச் சேமித்துவைக்கும் ஏற்பாடு அது. கிருமி அடங்கியதும் இந்த ஏற்பாடும் கலைந்துவிட வேண்டும். நாட்பட்ட களைப்பு நோயில் அது கலையாமல் நிற்கிறதா, கலைந்த பின்னும் வேறேதோ ஒன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா என்பதே ஆய்வின் மையக் கேள்வி.

கிருமிக்குப் பின்னரே இந்நோய் தொடங்குகிறது என்பதற்கு மிக உறுதியான சான்று அவுஸ்திரேலியாவின் டப்போ என்ற நாட்டுப்புற நகரிலிருந்து வந்தது. சுரப்பிக் காய்ச்சல், கியூ காய்ச்சல், ரொஸ் ரிவர் வைரஸ் காய்ச்சல் ஆகிய மூன்றில் ஒன்றால் பாதிக்கப்பட்ட 253 பேரைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2006இல் வெளியானது. மூன்று கிருமிகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை; ஆயினும் ஆறு மாதங்கள் கழித்து 28 பேர், அதாவது நூற்றுக்குப் பதினொருவர், நாட்பட்ட களைப்பு நோயின் இலக்கணத்துக்குள் வந்திருந்தனர். யாருக்கு நோய் நீடிக்கும் என்பதை முன்கூட்டியே காட்டியது தொடக்கக் காய்ச்சலின் கடுமைதான். அவர்களின் மனநிலையோ வயதோ கல்வியோ அல்ல. கொவிட் தொற்றுக்குப் பின் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இதே நிலையில் தேங்கியபோது, டப்போ ஆய்வை அறிந்திருந்தவர்கள் வியப்படையவில்லை.

மலையகத்திலும் அதன் அடிவாரத்திலும் காய்ச்சலுக்குப் பஞ்சமில்லை. நுவரெலியாவின் குளிர் நுளம்பை ஓரளவு தடுத்தாலும் கண்டிப் பகுதியில் டெங்கு ஆண்டுதோறும் தலைகாட்டுகிறது. 2017ஆம் ஆண்டு நாடு முழுவதும் 186,101 டெங்கு நோயாளர் பதிவாயினர். மத்திய மலைநாட்டில் உண்ணிகளால் பரவும் ரிக்கெட்சியாக் காய்ச்சலைப் பேராதனை மருத்துவ பீடத்தினர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். டெங்குக்குப் பின் நீடிக்கும் சோர்வைப் பற்றி சிங்கப்பூரில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு, நோயிலிருந்து மீண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இரண்டு மாதங்கள் கழித்தும் களைப்போடு இருந்ததைக் காட்டியது. அவர்கள் எல்லோரும் நாட்பட்ட களைப்பு நோயாளிகள் ஆகிவிடுவதில்லை; பெரும்பாலோர் தேறிவிடுவர். டப்போவில் செய்ததைப் போலக் காய்ச்சல் வந்த நாளிலிருந்து ஆறு மாதம் பின்தொடரும் ஓர் எளிய ஆய்வுக்கு, ஒவ்வொரு குடும்பமும் எந்த லயத்தில் எந்தக் காம்பராவில் இருக்கிறது என்பதை அறிந்த குடும்ப நல உத்தியோகத்தர்கள் உள்ள தோட்டங்களைவிடப் பொருத்தமான களம் வேறில்லை.

நோயாளிகளின் இரத்தத்துக்குள் இதுவரை கண்டவற்றைப் பட்டியல் போட்டால் நீளும். ஆனால் எல்லாம் ஒரே திசையில் பேசுவதில்லை. தொற்றுக்குள்ளான கலங்களை அழிக்கும் இயற்கைக் கொல்லிக் கலங்களின் வீரியம் குறைந்திருப்பதாக 1980களிலிருந்தே பல ஆய்வுகள் சொல்லிவந்தன. கவனமாக ஒப்பிட்ட வேறு சில ஆய்வுகளில் அது தெரியவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2015இல் கண்ட ஒன்று, இந்த முரண்பாடுகளுள் சிலவற்றுக்கு விளக்கம் தருகிறது: நோய் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களின் இரத்தத்தில் பல சைட்டோகைன்கள் உயர்ந்திருந்தன, நெடுநாள் நோயாளிகளிடம் அந்த உயர்வு இல்லை. இருவரையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து அளந்தால் ஒன்றையொன்று கழித்துவிட்டு, வேறுபாடே இல்லாதது போலத் தோன்றும். நோயின் வயதைக் கேட்காமல் இரத்தம் எடுத்த பழைய ஆய்வுகளின் மீது இது ஒரு பெரிய கேள்விக்குறி.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு ஆட்தொகையில் மிகச் சிறியது: தொற்றுக்குப் பின் நோயுற்ற 17 பேர், நலமுள்ள 21 பேர். ஆனால் ஒவ்வொருவரையும் வைத்தியசாலையில் தங்கவைத்து, முள்ளந்தண்டுத் திரவம் வரை எடுத்து, வேறெங்கும் செய்யாத அளவுக்கு ஆழமாகப் பரிசோதித்தனர். நோயாளிகளிடம் அனுபவமற்ற பி கலங்கள் கூடியும், நினைவாற்றல் பெற்ற பி கலங்கள் குறைந்தும் இருந்தன. தொற்றுக்கு எதிராகப் போரிடும் டி கலங்களில் நெடுநாள் போரிட்டுச் சோர்ந்ததன் குறிகள் தெரிந்தன. முள்ளந்தண்டுத் திரவத்தில் நரம்புகளிடையே செய்தி கடத்தும் பொருள்களான நரம்புக் கடத்திகள் சிலவற்றின் அளவு தாழ்ந்திருந்தது. எங்கோ ஒரு கிருமியோ அதன் எச்சமோ நீங்காமல் நின்று நோயெதிர்ப்பு மண்டலத்தை ஓயவிடாமல் வைத்திருக்கலாம் என்பது அந்தக் குழுவின் ஊகம். அதே கட்டுரையில் களைப்பை 'முயற்சித் தெரிவு' என்ற சொல்லால் விளக்கப் போய், நோயாளிகளின் கோபத்தையும் அவர்கள் சம்பாதித்துக்கொண்டனர். உழைக்க முடியாதவரை உழைக்கத் தெரிவு செய்யாதவர் என்று எழுதினால் கோபம் வரத்தான் செய்யும்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் மரபணு ஆய்வின் தனிப்பெறுமதி வெளிப்படுகிறது. இரத்தத்தில் காணும் எந்த மாற்றத்தைப் பற்றியும், அது நோயின் காரணமா, நோயால் படுத்தே கிடந்ததன் விளைவா என்ற ஐயம் எழும். மரபணுவில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. பிறக்கும்போதே எழுதப்பட்ட எழுத்துகளைப் பிற்காலத்து நோயோ படுக்கையோ மாற்றுவதில்லை. எனவே நோயாளிகளிடம் ஓர் எழுத்து கூடுதலாகத் தென்பட்டால், அது நோய்க்கு முந்தியது. ஆய்வுமுறை எளியது, அளவுதான் பெரியது: மனித மரபணுத் தொகுதியில் ஆளுக்கு ஆள் வேறுபடும் இலட்சக்கணக்கான இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நோயுள்ளவரிடமும் இல்லாதவரிடமும் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது. இத்தனை இடங்களை எண்ணும்போது தற்செயலான வேறுபாடுகளும் ஏராளமாகக் கிடைக்கும் என்பதால், தேர்ச்சிக்கான வரம்பை மிகக் கடுமையாக வைப்பர். அந்த வரம்பைத் தாண்ட ஆயிரக்கணக்கான நோயாளிகள் தேவை. 'டிகோட் எம்.இ.' குழு நோயாளிகளை வைத்தியசாலைக்கு அழைக்காமல், உமிழ்நீர் சேகரிக்கும் குப்பியைத் தபாலில் அனுப்பியது. படுக்கையில் கிடப்பவர்களும் அதனால் பங்கேற்க முடிந்தது. ஒதுக்கப்பட்ட நோயாளிகளைத் தேடிச் சென்ற செயல் அது.

எட்டு இடங்களில் கிடைத்தவற்றுள் சிலவற்றைக் குறிப்பிடலாம். இசட்.என்.எப்.எக்ஸ்.1 என்ற மரபணு, கலத்துக்குள் நுழைந்த வைரஸின் ஆர்.என்.ஏ.யை மோப்பம் பிடிக்கும் புரதத்தை உருவாக்குகிறது. பி.டி.என்.2ஏ2 என்பது டி கலங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் பங்கேற்கிறது. ஓ.எல்.எப்.எம்.4 பக்டீரியாத் தொற்றுக்கு எதிராக வெண்குருதிக் கலங்கள் செயற்படும் முறையோடு தொடர்புடையது. சி.ஏ.10 என்ற மரபணுவின் அருகிலுள்ள இடம், உடலின் பல பாகங்களில் நீடிக்கும் வலியோடு ஏற்கெனவே தொடர்புபடுத்தப்பட்டது. மனச்சோர்வு, மனப்பதற்றம் ஆகியவற்றோடு தொடர்புடையதாக அறியப்பட்ட மரபணுக் குறிகளோடு இவை ஒத்துப்போகவில்லை என்பதையும் குழு தெரிவித்திருக்கிறது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆயினும் கண்டறிந்த எட்டுக் குறிகளும் ஆண், பெண் இருபாலாரிடமும் ஒரே மாதிரியே செயற்பட்டன. பெண்களை இந்நோய் ஏன் அதிகமாகப் பிடிக்கிறது என்ற கேள்விக்கான விடையை வேறிடத்தில் தேட வேண்டும்.

குறி என்பது விதியல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோர்வே ஆய்வாளர்கள் 2020இல் எச்.எல்.ஏ. எனப்படும் நோயெதிர்ப்பு அடையாள மரபணுக்களில் இரண்டு வகைகளை இந்நோயோடு தொடர்புபடுத்தினர். அவ்விரண்டில் ஒன்றையாவது கொண்டிருந்தவர்கள் நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர். நலமுள்ளவர்களில் ஏறத்தாழ 12 பேர். நோயாளிகளில் ஐந்தில் நால்வரிடம் அந்த வகைகள் இல்லை. அவற்றைக் கொண்டிருக்கும் நலமுள்ளவர்களோ ஏராளம். நோய் எவ்வழியாக இயங்குகிறது என்று தேடும் ஆய்வாளருக்கு இந்த வேறுபாடு பெறுமதியானது. எனக்கு வருமா என்று கேட்கும் தனிமனிதருக்கு இதனால் பயனில்லை. லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் உறவினர் வாங்கி அனுப்பும் மரபணுப் பரிசோதனைப் பெட்டி இந்த நோய் பற்றி ஏதேனும் சொன்னால், அதை நம்பாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

குடும்பவழி ஆய்வுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தலைமுறைகளின் வம்சாவளிப் பதிவுகளையும் மருத்துவப் பதிவுகளையும் இணைத்து 2011இல் செய்த ஆய்வில், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்காகவும், ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளின் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகவும் இருந்தது. பின்னது முக்கியமானது, ஏனெனில் அவர்கள் ஒரே வீட்டில் வாழ்வதில்லை, ஒரே பானையில் உண்பதில்லை, ஆகவே சூழலைவிடப் பரம்பரையே அங்கு பேசுகிறது என்பது ஆய்வாளர்களின் வாதம். இந்த வாதத்தை அப்படியே தூக்கிவந்து மலையகத்தில் வைக்க முடியாது. அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்களில் வளர்ந்து, ஒரே பீலித் தண்ணீரைக் குடித்து, ஒரே மலையில் வேலை செய்து, பல குடும்பங்களில் ஒருவரையொருவர் மணந்தும் கொள்ளும் சமூகத்தில், பரம்பரையையும் சூழலையும் பிரிக்க யூட்டாவின் அளவுகோல் போதாது.

தரவுகளில் நம்மவர் இல்லாதது இதைவிடப் பெரிய குறை. 'டிகோட் எம்.இ.' குழுவின் எட்டு இடங்களும் ஐரோப்பிய வம்சாவளியினரை மட்டும் ஒப்பிட்டுப் பெறப்பட்டவை. ஓர் இனக்குழுவில் கண்ட குறி மற்றோர் இனக்குழுவில் அதே வலுவோடு நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இலங்கைத் தமிழர் மரபணு உலகத் தரவுகளில் அடியோடு இல்லாமலும் இல்லை: உலகளாவிய '1000 மரபணுத் தொகுதிகள்' திட்டத்தில் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் ஒரு தனிக்குழுவாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றனர். ஆனால் அது நோய் பற்றிய தரவு அல்ல; பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்குமாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களைத் தனித்துக் காட்டும் தரவும் அல்ல. களைப்பைப் பற்றி இலங்கையிலேயே ஒரு பெரிய பரம்பரை ஆய்வு நடந்திருக்கிறது என்பது பலரும் அறியாத செய்தி. கொழும்பு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான இரட்டையர்களிடம் லண்டன் கிங்ஸ் கல்லூரியோடு இணைந்து நடத்திய ஆய்வில், நீடித்த களைப்பைப் பற்றியும் கேட்டறிந்தனர். மேலை நாடுகளுக்கு வெளியே இத்தகைய முயற்சி அரிது. அதே கேள்விகளைக் கொழும்பிலிருந்து மலையேற்றிக் கொண்டுவருவது முடியாத காரியமல்ல.

அதுவரை வைத்தியசாலைகளில் செய்யத்தக்கது என்ன? மலையகத்தில் களைப்பு என்று வரும் பெண்ணிடம் முதலில் இரத்தச்சோகையைத் தேடுவதே சரி. தோட்டங்களில் அது பரவலானது, குணப்படுத்தக்கூடியது. தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, காசநோய், மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். சிக்கல் அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. இரும்புச்சத்து மாத்திரைக்குப் பின் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது, ஆள் தேறவில்லை. அந்தக் கட்டத்தில், களைப்பாக இருக்கிறதா என்ற கேள்வியை மீண்டும் கேட்பதில் பயனில்லை. மலையில் வேலை செய்யும் எவரும் அதற்கு ஆம் என்றே சொல்வர். கேட்க வேண்டியது, முழுப்பேர் போட்ட நாளுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடல் எப்படி இருந்தது என்பதை. இந்தக் கேள்விக்கு இயந்திரம் தேவையில்லை. இரண்டு நாள் அடுத்தடுத்து சைக்கிள் மிதிக்கவைத்து மூச்சிலுள்ள ஒட்சிசனை அளக்கும் சோதனையில், உடற்பயிற்சியற்ற நலமுள்ளவர்கள் இரண்டாம் நாளும் முதல் நாளைப் போலவே மிதிக்க, நோயாளிகள் பலரின் ஆற்றல் இரண்டாம் நாள் சரிந்ததை மேலை நாட்டு ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. செக்ரோலை வாரக்கணக்கில் புரட்டிப் பார்த்தாலே அந்தச் சரிவின் சாயலைக் காணலாம்.

சிகிச்சை அறிவுரையும் இதையொட்டியே மாற வேண்டும். நாளுக்கு நாள் உடற்பயிற்சியைக் கூட்டினால் நோய் தேறும் என்று 641 பேரைக் கொண்ட பிரித்தானிய ஆய்வு ஒன்று 2011இல் கூறியது. அதன் அளவுகோல்கள் ஆய்வின் நடுவே தளர்த்தப்பட்டதைப் பிறர் வெளிக்கொணர்ந்த பின் அது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. பிரித்தானியாவின் வழிகாட்டி நிறுவனமான நைஸ், 2021 ஒக்டோபரில் வெளியிட்ட புதிய நெறிகளில், படிப்படியாகக் கூட்டும் அந்தப் பயிற்சியைச் சிகிச்சையாக வழங்கக் கூடாது என்று கூறி, தன் சக்தியின் எல்லைக்குள் நின்று வேலையைப் பகிர்ந்து செய்வதையே பரிந்துரைத்தது. கிலோக் கணக்கில் கூலி பெறும் ஒருவரிடம் சக்தியின் எல்லைக்குள் நில்லுங்கள் என்று சொல்வது எளிதல்ல. எல்லையை நிர்ணயிப்பது அவரல்ல. ஆயினும், "நடந்தா சரியாப் போயிரும்மா, சும்மா படுத்துக் கெடக்காத" என்ற நல்லெண்ண அறிவுரையை வைத்திய உதவியாளர் நிறுத்திக்கொள்வதற்குச் செலவு எதுவுமில்லை. காய்ச்சலுக்குப் பின் ஆறு வாரம் கடந்தும் தேறாதவரின் துண்டில், உழைத்த மறுநாள் நோய் கூடுகிறது என்று ஒரு வரி எழுதி டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ அனுப்பினால், அங்கே அவரைப் பார்க்கும் வைத்தியர் எதைத் தேடுவது என்பதை அறிந்தே தொடங்குவார். தோட்டத் துரையிடம் இலகு வேலை கேட்பதற்கும் அந்த ஒரு வரி கைக்கொடுக்கும்.